டெண்டரே விடாம சிட்டி 18 லட்சம் டாலர் வேலைய குடுக்கலாமா? டெக்சாஸ் கோ-ஆப் கான்ட்ராக்ட் பத்தி கொஞ்சம் விரிவா

நீங்க கேட்டது இதுதான்: டல்லாஸ் பக்கத்துல உங்க சிட்டி, ரிக்ரியேஷன் சென்டருக்கு கூரை மாத்தறது, மேல இருக்கற ஏசி யூனிட் எல்லாம் மாத்தறது, ரெண்டும் சேந்து சுமார் 18 லட்சம் டாலர். பேப்பர்ல விளம்பரம் இல்ல, சீல் வெச்ச கவர் இல்ல, கவுன்சில் அஜெண்டாவுல "கோ-ஆப் கான்ட்ராக்ட் மூலமா"ன்னு ஒரே ஒரு வரி, அதையும் கன்சென்ட் அஜெண்டாவுல, அதாவது பல ஐட்டத்த சேத்து ஒரே ஓட்டுல பாஸ் பண்ற லிஸ்ட்ல போட்டு பேச்சே இல்லாம பாஸ் பண்ணிட்டாங்க. "நம்ம ஊர் பிடபிள்யூடில இப்படி பண்ணிருந்தா ரகளையாயிருக்கும், இங்க எப்படி லீகல்?"

நான் டெக்சாஸ்ல ஒரு லோக்கல் கவர்ன்மென்ட்ல பர்ச்சேஸிங் பக்கம்தான் வேலை பாக்கறேன், அதனால இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் எழுதறேன், பொறுமையா படிங்க. சுருக்கமா கேட்டா, லீகலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா லீகல்ங்கறதுக்கு சில கண்டிஷன் இருக்கு, அதெல்லாம் ஃபைல்ல பேப்பரா இருக்கணும், இருக்கான்னு கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

முதல்ல ஒரு விஷயத்த தெளிவு பண்ணிடலாம். கோ-ஆப்னா பல அரசு அமைப்புங்க சேந்து வாங்கறதுக்கான கூட்டு கொள்முதல் அமைப்பு. கோ-ஆப் கான்ட்ராக்ட்னா டெண்டர்லேர்ந்து விலக்குன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, சில கவுன்சில் மெம்பருங்களே அப்படித்தான் பேசறாங்க. அது விலக்கு இல்லங்க. வேற ஒரு அரசு அமைப்பு ஏற்கனவே போட்டி வெச்சு, பிட் வாங்கி, ஆள தேர்ந்தெடுத்து கான்ட்ராக்ட் போட்டுருச்சு, அந்த போட்டிய உங்க சிட்டி தனக்கும் நடந்ததா எடுத்துக்குது, அவ்வளவுதான். அதனால கேக்கவேண்டிய கேள்வி "டெண்டர் விட்டீங்களா"ங்கறது இல்ல, "அங்க எதுக்கு போட்டி நடந்துச்சு, நீங்க வாங்கறது அதேதானா"ங்கறதுதான். இந்த ஒரு கேள்விய புடிச்சுக்கிட்டீங்கன்னா மத்த விதியெல்லாம் தானா புரியும்.

சட்டத்துல இதுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு, கவர்ன்மென்ட் கோட் 791-ஆவது சாப்டர், இன்டர்லோக்கல் கோஆப்பரேஷன் ஆக்ட்னு சொல்லுவாங்க. அதுல 791.025-ல, இன்னொரு லோக்கல் கவர்ன்மென்ட் கூட ஒப்பந்தம் போட்டு பொருளும், அந்த பொருள மாட்டறதுக்கு, ஓட்டறதுக்கு, பராமரிக்கறதுக்கு நியாயமா தேவைப்படற சர்வீஸும் வாங்கினா, போட்டி பிட் கேக்கணும்ங்கற கடமை நெறவேறிடுச்சுன்னு இருக்கு. இன்னொண்ணு லோக்கல் கவர்ன்மென்ட் கோட் 271-ல கோஆப்பரேட்டிவ் பர்ச்சேஸிங்னு ஒரு பகுதி, அதுவும் இதே பலன குடுக்குது. நீங்க அஜெண்டாவுல பாக்கற பேரெல்லாம் இந்த வாசல் வழியா வர்றதுதான்: பைபோர்ட், இது டெக்சாஸ் ஸ்கூல் போர்டுகளோட சங்கம் நடத்தறது. டிப்ஸ், இது எட்டாவது ரீஜியன் எஜுகேஷன் சர்வீஸ் சென்டரோடது. ஹெச்ஜிஏசி-பை ஹூஸ்டன்-கால்வெஸ்டன் ஏரியா கவுன்சிலோடது, சாய்ஸ் பார்ட்னர்ஸ் ஹாரிஸ் கவுண்டி கல்வித்துறையோடது. வெளி ஸ்டேட்லேர்ந்து வர்றதும் உண்டு, மினசோட்டாவுல ஸ்டேப்பிள்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல இருக்கற சோர்ஸ்வெல் ரொம்ப பிரபலம், 2018 வரைக்கும் நேஷனல் ஜாயின்ட் பவர்ஸ் அலையன்ஸ்னு பேரு.

போலீஸ் கார், ஃபயர் ட்ரக், ஆபீஸ் நாற்காலி, லாப்டாப், இதுக்கெல்லாம் இந்த முறைல யாருக்கும் பெருசா சண்டை இல்ல. ஏன்னா பொருள் எங்க வாங்கினாலும் அதே பொருள், ஹூஸ்டன்ல வித்த நாற்காலி டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுலயும் அதே நாற்காலி. கட்டுமானம் அப்படி இல்லயே. கூரைன்னா அடில டெக் என்னது, இன்சுலேஷன் நனைஞ்சிருக்கா, தண்ணி எந்த பக்கம் ஓடுது, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கா, க்ரேன் எங்க நிறுத்தறது, இதெல்லாம் அந்த கட்டிடத்துக்கே உண்டானது. உங்க ரிக்ரியேஷன் சென்டர் கூரைய பாத்து யாரும் அந்த கோ-ஆப் பிட்ல விலை போடல, அப்ப போட்டி எதுல நடந்துச்சுங்கறதுதான் வம்பே.

இதுக்கு ஒரு பதில் இருக்கு, அதுதான் ஜாப் ஆர்டர் கான்ட்ராக்ட், ஜேஓசின்னு சொல்லுவோம். 1980-கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல இருக்கற நேட்டோ ராணுவ தலைமையகத்துல ஹாரி மெல்லன்ங்கற அமெரிக்க ராணுவ இன்ஜினியர் சின்ன சின்ன ரிப்பேருக்கெல்லாம் தனித்தனியா டெண்டர் விட்டு ஆகறதுக்குள்ள விடிஞ்சிடுதேன்னு கண்டுபுடிச்ச முறை இது. நம்ம பிடபிள்யூடி ஆளுங்களுக்கு இத புரியவெக்கறது சுலபம்: ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ் இருக்குல்ல, "எஸ்டிமேட்டுக்கு மேல 4 பர்சென்ட், கீழ 6 பர்சென்ட்"னு கான்ட்ராக்டர் கோட் பண்ணுவாரே, அந்த பர்சென்டேஜ் டெண்டர் மாதிரிதான். இங்க ரேட் புக்குக்கு பதிலா ஆர்எஸ்மீன்ஸ் மாதிரி அச்சடிச்ச யூனிட் பிரைஸ் புக், அதுல ஆயிரக்கணக்கான ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் விலை. கான்ட்ராக்டருங்க போட்டி போடறது ஒரே ஒரு நம்பருக்கு, கோஎஃபிஷியன்ட்னு சொல்லுவாங்க. ஒருத்தர் 0.88-னு போடறார்னு வெச்சுக்குங்க, புக்ல 1,000 டாலர்னு இருக்கற கதவு அவர்கிட்ட 880 டாலர். அதுக்கு மேல ஊருக்கு ஊர் மாறற சிட்டி இண்டெக்ஸ் ஒண்ணு இருக்கும், அதையும் பெருக்கணும். நாளைக்கு எந்த கட்டிடத்துல எந்த வேலை வந்தாலும் ஐட்டம் ஐட்டமா அளவு எடுத்து, புக் விலையோட பெருக்கி, கோஎஃபிஷியன்ட்டோட பெருக்கி, ஒரு மொத்த தொகை வரும், அதுக்கு ஜாப் ஆர்டர் குடுப்பாங்க. அப்ப போட்டி உங்க கூரைக்கு நடக்கல, ஆனா உங்க கூரைல வரக்கூடிய ஒவ்வொரு ஐட்டத்தோட விலைக்கும் நடந்துருக்கு, அப்படின்னு வாதம். நியாயமான வாதம்தான்னு நானும் ஒத்துக்கறேன், ஆனா ஓட்டை எங்கங்கறத கீழ சொல்றேன்.

டெக்சாஸ்ல இது கவர்ன்மென்ட் கோட் 2269-ஆவது சாப்டர்ல இருக்கு. 2011-ல வந்தது, அப்ப 2267-னு நம்பர், 2013-ல மாத்தினாங்க. பராமரிப்பு, ரிப்பேர், மாற்றம், புதுப்பிப்பு, சின்ன அளவு கட்டுமானம், அதுவும் திரும்பத் திரும்ப வர்ற வேலை ஆனா எப்ப, என்ன, எவ்வளவுன்னு முன்கூட்டி சொல்ல முடியாத வேலை, இதுக்குத்தான் ஜேஓசி. பிரைஸ் புக்க குறிப்பிட்டு கோஎஃபிஷியன்ட் கேக்கணும். அடிப்படை காலம் 2 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, அதுக்கப்பறம் வருஷா வருஷம் புதுப்பிச்சு இன்னும் 3 வருஷம் வரைக்கும் போலாம். முக்கியமா, 5 லட்சம் டாலருக்கு மேல போற ஒவ்வொரு ஜாப் ஆர்டரையும் கவர்னிங் பாடி, அதாவது உங்க கவுன்சில், தனியா ஒப்புதல் குடுக்கணும். உங்க கேஸ்ல 18 லட்சம், அதான் அஜெண்டாவுக்கே வந்துச்சு. வரலேன்னா அதுவே பிரச்சனை.

இங்க ஒரு பழக்கத்த சொல்லணும். 5 லட்சத்துக்கு மேல போனா கவுன்சில் போகணும்ங்கறதால, சில இடத்துல கூரைக்கு ஒரு ஆர்டர், ஏசிக்கு ஒரு ஆர்டர், எலக்ட்ரிக்கலுக்கு ஒரு ஆர்டர், எல்லாம் 4.8, 4.9 லட்சம்னு வந்து நிக்கும். ஒரே கட்டிடம், ஒரே மாசம், ஒரே கான்ட்ராக்டர். நான் ஒரு ஆபீஸ்ல இதே மாதிரி மூணு ஆர்டர் அடுத்தடுத்து கையெழுத்துக்கு வந்தத பாத்துருக்கேன், கேட்டா "வேற வேற ஸ்கோப்"னு பதில். இன்னொரு பக்கம், டெண்டர் எல்லைக்கு கீழ வர்றதுக்காக துண்டு போடறதுக்கு சிட்டி விஷயத்துல கிரிமினல் பிரிவே இருக்கு: லோக்கல் கவர்ன்மென்ட் கோட் 252.062, தெரிஞ்சே பிரிச்சு வாங்கினா கிளாஸ் பி மிஸ்டிமீனர், அதாவது சின்ன வகை கிரிமினல் குற்றம். ஜாப் ஆர்டர துண்டு போடறதும் அதுவும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, ஆனா புத்தி ஒரே புத்திதான்.

இப்ப உங்க கேஸுக்கு ரொம்ப நேரடியா பொருந்தற விதிக்கு வர்றேன், 791.011. இதுல ரெண்டு பூட்டு போட்டுருக்காங்க. ஒண்ணு, பர்ச்சேஸிங் கோ-ஆப்போட போடற இன்டர்லோக்கல் கான்ட்ராக்ட் மூலமா இன்ஜினியரிங் சர்வீஸோ ஆர்க்கிடெக்ட் சர்வீஸோ வாங்கவே கூடாது. வரைபடம் போடறவரயும் கட்டறவரயும் ஒரே கோ-ஆப் பர்ச்சேஸ் ஆர்டர்ல கட்டி எடுத்துட்டு வர முடியாது. டெக்சாஸ்ல இன்ஜினியர, ஆர்க்கிடெக்ட்ட விலை கேட்டு எடுக்கறதே தப்பு, கவர்ன்மென்ட் கோட் 2254 படி முதல்ல தகுதி பாத்து ஆள தேர்ந்தெடுக்கணும், அதுக்கப்பறம்தான் கூலி பேசணும். கோ-ஆப்ல விலைப்பட்டியல்ல இருந்து இன்ஜினியர எடுத்தா அந்த விதி ஒடஞ்சிடும்.

ரெண்டாவது பூட்டு 2013-ல வந்தது, (j) உட்பிரிவு. கட்டுமானம் சம்பந்தப்பட்ட பொருளோ சர்வீஸோ 50,000 டாலருக்கு மேல கோ-ஆப் மூலமா வாங்கணும்னா, சிட்டி நியமிச்ச ஒருத்தர் எழுத்துல சான்று குடுக்கணும்: ஒண்ணு, இந்த வேலைக்கு சட்டப்படி இன்ஜினியர் அல்லது ஆர்க்கிடெக்ட் போட்ட பிளான், ஸ்பெக் தேவையில்ல, இல்லேன்னா, தேவைப்படற பிளானும் ஸ்பெக்கும் ஏற்கனவே தயாராயிடுச்சு. ரெண்டுல ஒண்ணு. இது சும்மா ஒரு பக்க பேப்பர்தான், ஆனா 18 லட்சம் டாலர் வேலைக்கு அந்த ஒரு பக்கம் ஃபைல்ல இல்லேன்னா மொத்த பர்ச்சேஸும் ஆட்டம் காணும்.

இந்த விதி ஏன் வந்துச்சுன்னு யோசிச்சா விஷயம் புரியும். கூரை வேலைல நடக்கறது என்னன்னா, கூரை மெட்டீரியல் செய்யற கம்பெனியோட சேல்ஸ் ஆளு இலவசமா வந்து ஏறி பாப்பார், ஃபோட்டோ எடுப்பார், "முழுசா மாத்தணும்"னு ரிப்போர்ட் குடுப்பார், ஸ்பெக்கும் அவரே எழுதித் தருவார், கோ-ஆப்ல எங்க கான்ட்ராக்ட் இருக்கு, அது வழியா போனா டெண்டர் தொல்லை இல்லன்னு வழியும் காட்டுவார். ஆள் குறைவா இருக்கற சின்ன சிட்டிக்கு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு, இது சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனா சிட்டி பக்கம் நின்னு, ஈரமான பகுதிய மட்டும் வெட்டி மாத்தினா போதுமான்னு கேக்கறதுக்கு, இந்த விற்பனைல காசு பாக்காத ஒரு ஆள் அங்க யாருமே இல்ல. வித்தவரே வைத்தியமும் எழுதறார். லைசென்ஸ் இருக்கற இன்ஜினியரோ ஆர்க்கிடெக்ட்டோ தனியா வந்து முத்திரை போட்ட பிளான் குடுக்கணும்னு சட்டம் கேக்கறது இந்த இடத்துலதான் உபயோகப்படுது. உங்க கேஸ்ல ஏசி யூனிட்டும் இருக்கு, கூரை மேல பெரிய யூனிட் மாறும்போது எடை மாறும், ஸ்ட்ரக்சர் தாங்குமான்னு யாராவது கணக்கு போட்டாங்களா? எனக்கு முதல் சந்தேகமே அங்கதான் வரும், அந்த கணக்குல யாரோட முத்திரை இருக்குன்னு பாருங்க.

பாண்ட் விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். பாண்ட்னா கான்ட்ராக்டருக்காக வேற ஒரு கம்பெனி குடுக்கற உத்தரவாதம். கோ-ஆப்னா பாண்ட் வேண்டாம்னு கெடையாது. சாப்டர் 2253 படி 1 லட்சம் டாலருக்கு மேல வேலைன்னா பெர்ஃபார்மன்ஸ் பாண்ட் (வேலைய முடிப்பார்ங்கறதுக்கு), சிட்டிக்கு 50,000-க்கு மேலன்னா பேமென்ட் பாண்ட் (சப்-கான்ட்ராக்டர், சப்ளையருக்கு பணம் போகும்ங்கறதுக்கு), சிட்டி இல்லாத மத்த அமைப்புகளுக்கு 25,000-க்கு மேல. ஜேஓசில ஒவ்வொரு ஆர்டர் தொகைய வெச்சு பாண்ட் எடுக்கலாம். கோ-ஆப் கான்ட்ராக்ட்ல இருக்கற கம்பெனி ஒண்ணு, வந்து வேலை செய்யற லோக்கல் ஆள் இன்னொண்ணுன்னு இருக்கும்போது பாண்ட் யார் பேர்ல இருக்குன்னு கட்டாயம் பாக்கணும். கூலிக்கும் விதி அப்படியே நிக்குது, சாப்டர் 2258 படி பிரிவெய்லிங் வேஜ், அதாவது அந்த பகுதில அந்த வேலைக்கு நிலவற கூலி, குறைச்சு குடுத்தா ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 60 டாலர் அபராதம். இதெல்லாம் "கோ-ஆப் பாத்துக்கும்"னு விட முடியாது, கோ-ஆப் எதையும் பாத்துக்காது, அது கான்ட்ராக்ட் போட்டுட்டு ஒதுங்கிடும், சைட்டுக்கு வராது.

கோ-ஆப்புக்கு காசு எங்கேர்ந்து வருதுன்னு கேக்கறவங்க கம்மி. பெரும்பாலும் சிட்டி சேர்றதுக்கு கட்டணம் இல்ல. கான்ட்ராக்டர் வித்த தொகைல ஒரு பர்சென்ட்டேஜ் கோ-ஆப்புக்கு கட்டுவார். அந்த காசு எங்க போய் உக்காருதுன்னு நெனைக்கறீங்க? கோஎஃபிஷியன்ட்லதான். தப்புன்னு சொல்லல, டெண்டர் விடறதுக்கும் செலவு ஆகுது, ஸ்டாஃப் நேரம், விளம்பரம், மூணு நாலு மாசம் தாமதம், ஆலங்கட்டி மழைல ஓட்டை விழுந்த கூரையோட மூணு மாசம் உக்காந்திருந்தா உள்ள ஜிம் தரையே உப்பிடும். ஆனா பர்சென்ட்டேஜ் முறைல வேலை தொகை பெருசானா கோ-ஆப்புக்கும் வருமானம் பெருசு, அதனால "இது ரொம்ப பெரிய வேலை, இதுக்கு தனியா டெண்டர் விடுங்க"ன்னு கோ-ஆப் சொல்லும்னு எதிர்பாக்காதீங்க. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு இதுல ஒரு நல்ல விதி இருக்கு, எஜுகேஷன் கோட் 44.0331, கோ-ஆப் மூலமா 25,000 டாலர் அதுக்கு மேல வாங்கினா கட்டணம் என்ன, எதுக்குன்னு பதிவு பண்ணி, வருஷம் ஒரு தடவை போர்டு அஜெண்டாவுல தனி ஐட்டமா வெக்கணும்.

ஜேஓசி ஓட்டை எங்கன்னு சொல்றேன்னேன்ல. கோஎஃபிஷியன்ட் 0.75-னு ஒருத்தர் ரொம்ப குறைச்சு போட்டு ஜெயிப்பார், எல்லாரும் ஆஹான்னு சொல்லுவாங்க, அப்பறம் காசு வேற வழில வரும். ஒண்ணு அளவு. டேக்-ஆஃப், அதாவது அளவு கணக்கெடுக்கறது, பண்றது கான்ட்ராக்டரே, 20,000 சதுர அடி கூரைக்கு 23,000 சதுர அடின்னு எழுதினா யார் ஏறி டேப் புடிக்கறது? இன்னொண்ணு ஐட்டம் தேர்வு, ஒரே வேலைக்கு புக்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு வரி இருக்கும், விலை வித்தியாசம், கஷ்டமான வேலைன்னு காட்டி விலை கூடுனத எடுப்பாங்க. டெமாலிஷன ஒரு தடவை அசெம்ப்ளி விலைக்குள்ளயும் (பல வேலைய சேத்து போட்ட ஒரே விலை), இன்னொரு தடவை தனி வரியாவும் போடறது ரொம்ப சகஜம். மூணாவது, புக்லயே இல்லாத ஐட்டம், நான்-பிரீபிரைஸ்டுன்னு சொல்லுவாங்க, அதுக்கு போட்டி விலையே கெடையாது, கான்ட்ராக்டர் கொண்டு வர்ற கொட்டேஷன்தான். ஒரு ஜாப் ஆர்டர்ல மொத்த தொகைல பாதி நான்-பிரீபிரைஸ்டுன்னா, அங்க போட்டி நடந்துச்சுன்னு சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு? அதனால என்கிட்ட கேட்டா கோஎஃபிஷியன்ட்ட பாக்கறத விட அந்த ஐட்டம் லிஸ்ட்ட வரி வரியா பாக்கறதுதான் உருப்படியான வேலை, அது 30, 40 பக்கம் வரும், பெரும்பாலான ஆபீஸ்ல அத யாரும் படிக்கறது இல்ல.

இது டெக்சாஸ் கதை. ஸ்டேட் மாறினா விதி தலைகீழா மாறும், அதனால நியூ ஜெர்சில இருக்கற மச்சான் சொன்னார், கலிபோர்னியா ஃபிரெண்ட் சொன்னார்னு எதையும் அப்படியே எடுத்துக்காதீங்க. நியூயார்க்க பாருங்க. அங்க ஜெனரல் முனிசிபல் லா 103-ல 16-ஆவது உட்பிரிவு, 2012 ஆகஸ்ட் 1 முதல் அமல். அடுத்தவங்க கான்ட்ராக்ட்ல ஏறிக்கறதுக்கு அங்க பிக்கிபேக்னுதான் பேரு. கருவி, பொருள், சாதனம், அத மாட்ட, பராமரிக்க, ரிப்பேர் பண்ண தேவையான சர்வீஸ், இதுக்கு மட்டும் அனுமதி. மூலக் கான்ட்ராக்ட்ட ஒரு அரசு அமைப்பே போட்டிருக்கணும், மத்த அரசு அமைப்புகளும் பயன்படுத்தலாம்னு அதுலயே திறந்து வெச்சிருக்கணும், நியூயார்க் சட்டத்துக்கு ஒத்துப்போற மாதிரி குறைஞ்ச பிட் அல்லது பெஸ்ட் வேல்யூ (விலையோட தரத்தையும் சேத்து பாக்கற) முறைல குடுத்திருக்கணும். பப்ளிக் வொர்க்குக்கு, அதாவது கட்டுமானத்துக்கு, இந்த வாசல் திறக்காதுங்கறது ஸ்டேட் கம்ப்ட்ரோலரோட, அதாவது ஸ்டேட் கணக்கு தணிக்கை அதிகாரியோட நிலை. அங்க பப்ளிக் வொர்க் 35,000 டாலருக்கு மேல போனா பிட், பொருள்னா 20,000. எது பொருள், எது பப்ளிக் வொர்க்னு சண்டை வந்தா மொத்த ஏற்பாட்டோட தன்மைய பாப்பாங்க, ஆள் உழைப்பு கணிசமா இருந்தா அது பப்ளிக் வொர்க் பக்கம் சாயும். ஏசி யூனிட் வாங்கி மாட்டறது ஒரு பக்கம், கூரைய பிரிச்சு மறுபடி போடறது இன்னொரு பக்கம்னு நீங்களே ஊகிக்கலாம். போதாததுக்கு அங்க விக்ஸ் சட்டம் இருக்கு, ஓரளவு பெரிய கட்டிட வேலைன்னா பிளம்பிங், ஹீட்டிங்-ஏசி, எலக்ட்ரிக்கல் மூணுக்கும் தனித்தனி ஸ்பெக், தனித்தனி பிட். எல்லாத்தையும் ஒரே கோ-ஆப் ஆர்டர்ல அடக்கறதுக்கே அங்க வழி இல்ல.

கலிபோர்னியா கதை இன்னும் சுவாரசியம். அங்க பப்ளிக் கான்ட்ராக்ட் கோட் 20118, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுங்க அடுத்த அமைப்போட கான்ட்ராக்ட் வழியா பொருள் வாங்கலாம்னு சொல்லுது. பொருள்னா பஸ், மேஜை, கம்ப்யூட்டர். டிஸ்ட்ரிக்ட்டுங்க என்ன பண்ணாங்க, ஃபேக்டரில செஞ்சு லாரில கொண்டு வர்ற மாடுலர் வகுப்பறையும் பொருள்தானேன்னு அதையும் இதுல வாங்கினாங்க. 2006-ல ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஒரு கருத்து குடுத்தார்: நிரந்தர அஸ்திவாரத்து மேல நிறுத்தற மாடுலர் கட்டிட பாகங்கள இப்படி விளம்பரம் இல்லாம வாங்க முடியாது. லாரில வந்தா பொருள், அஸ்திவாரத்துல உக்காந்தா கட்டிடம். எனக்கு இந்த கோடு புடிச்சிருக்கு, ஏன்னா விக்கறவங்க என்ன பேர் வெச்சாலும் தரைல என்ன நடக்குதுன்னு பாக்குது.

ஃபெடரல் காசு கலந்துச்சுன்னா இன்னொரு அடுக்கு. 2 சிஎஃப்ஆர் 200.318, அதாவது ஃபெடரல் விதித் தொகுப்புல இருக்கற பிரிவு, லோக்கல் கவர்ன்மென்ட்டுங்க சேந்து வாங்கறத ஊக்கப்படுத்துது, உண்மைதான். ஆனா மூலக் கான்ட்ராக்ட்டே ஃபெடரல் போட்டி விதிப்படி போட்டிருக்கணும், உங்க வேலை அதோட ஸ்கோப்புக்குள்ள இருக்கணும், விலை நியாயம்தானான்னு நீங்க தனியா பாத்துருக்கணும். ட்ரான்சிட் காசுன்னா எஃப்டிஏ (ஃபெடரல் ட்ரான்சிட் அட்மினிஸ்ட்ரேஷன்) விதி இன்னும் கறார், மூலக் கான்ட்ராக்ட்லயே வேற அமைப்புக்கு மாத்திக் குடுக்கலாம்னு ஷரத்து இருக்கணும், ஆரம்பத்துல போட்டி போட்ட அளவுக்குள்ளதான் எடுக்கணும், பின்னாடி வந்து கூட சேத்துக்கறத டேக்-ஆன்னு சொல்லி ஒத்துக்க மாட்டாங்க. ஹார்வி மாதிரி புயலுக்கு அப்பறம் அவசரத்துல பக்கத்து கவுண்டியோட கான்ட்ராக்ட்ல ஏறிக்கிட்டு வேலை முடிச்சுட்டு ஃபெடரல் பேரிடர் ஏஜென்சி ஃபீமாகிட்ட பில் அனுப்பினா, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆடிட்ல வந்து கேப்பாங்க, அப்ப காசு திரும்ப போற ஆபத்து இருக்கு. உங்க ரிக்ரியேஷன் சென்டர் வேலைக்கு காசு எந்த கணக்குலேர்ந்து வந்துச்சுன்னு அஜெண்டா மெமோலயே இருக்கும், பாருங்க.

சரி, நீங்க என்ன பண்ணலாம். சிட்டி செக்ரட்டரிக்கு பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட் படி ஒரு இமெயில் போடுங்க, அது கவர்ன்மென்ட் கோட் 552. காரணம் சொல்லத் தேவையில்ல, ஃபார்ம் கூட தேவையில்ல. சட்டுனு குடுக்கணும், மறைக்கணும்னு நெனைச்சா 10 வேலை நாளுக்குள்ள அட்டர்னி ஜெனரல்கிட்ட போய் அனுமதி கேக்கணும். முன்னாடியெல்லாம் "விலை விவரம் கம்பெனி ரகசியம்"னு சொல்லி தட்டிக் கழிப்பாங்க. 2015-ல போயிங் வழக்குல டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு அதுக்கு வசதியா போச்சு. 2019-ல சட்டசபை அத திருத்தி, 2020 ஜனவரி 1 முதல் கான்ட்ராக்ட் விலை சம்பந்தப்பட்ட தகவல பெரும்பாலும் மறைக்க முடியாதபடி ஆக்கிடுச்சு, அதனால ஐட்டம் விலை லிஸ்ட்ட தைரியமா கேளுங்க.

என்ன கேக்கணும்னா: கோ-ஆப்போட மூலக் கான்ட்ராக்ட்டும் அதுக்கு விட்ட பிட் அறிவிப்பும், சிட்டிக்கும் கோ-ஆப்புக்கும் இருக்கற இன்டர்லோக்கல் ஒப்பந்தம், 791.011(j) சான்று கையெழுத்தும் தேதியும் தெரியற மாதிரி, முத்திரை போட்ட பிளான், ஜாப் ஆர்டரோட முழு ஐட்டம் லிஸ்ட், பாண்ட் காப்பி. சான்றோட தேதிய நல்லா கவனிங்க, பர்ச்சேஸ் ஆர்டருக்கு அப்பறம் தேதி இருந்தா, நீங்க கேட்டப்பறம் தயார் பண்ணினதா இருக்கலாம். இன்னொண்ணு, மூல பிட் அறிவிப்புல ஸ்கோப் "கூரை பொருட்களும் சம்பந்தப்பட்ட சர்வீஸும்"னு மட்டும் இருந்து, உங்க ஆர்டர்ல ஏசி யூனிட் 7 லட்சம் டாலருக்கு இருக்குன்னா, அந்த 7 லட்சத்துக்கு யாரும் எங்கயும் போட்டி போடல. அதான் நான் முதல்லயே சொன்னது, எதுக்கு போட்டி நடந்துச்சோ அது மட்டும்தான் உங்களுக்கு கெடைக்கும்.

அப்படி ஏதாவது ஓட்டை கண்டுபுடிச்சா என்ன பண்றது? கோர்ட்டுக்கு ஓடவேண்டாம், மொதல்ல கவுன்சில் மீட்டிங்ல பப்ளிக் கமெண்ட்ல மூணு நிமிஷம் பேசுங்க, பேப்பரோட போங்க, "ஊழல்"ங்கற வார்த்தையே எடுக்காதீங்க, "இந்த சான்று எங்க"ன்னு மட்டும் கேளுங்க. பர்ச்சேஸிங் ஆளுங்க நெறைய பேர் நல்லவங்க, மேலேர்ந்து வர்ற அவசரத்துல ஒரு பேப்பர் விட்டுருப்பாங்க, கேட்டா சரி பண்ணுவாங்க. அதுக்கும் மசியலேன்னா லோக்கல் கவர்ன்மென்ட் கோட் 252.061 இருக்கு. 252-ஆவது சாப்டர மதிக்காம சிட்டி போட்ட கான்ட்ராக்ட் செல்லாது, பணம் குடுக்கறதயும் சேத்து நிறுத்தச் சொல்லி அந்த ஊர்லயே குடியிருந்து ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டற யார் வேணும்னாலும் வழக்கு போடலாம். சிட்டிசனா இருக்கணும்னு அதுல எழுதல, அங்க வீடு வாங்கி குடியிருந்து டாக்ஸ் கட்டற ஹெச்1பி ஆளும் அந்த வார்த்தைக்குள்ள வருவார்ங்கறது என்னோட வாசிப்பு, ஆனா கேஸ் போடறதுக்கு முன்னாடி லோக்கல் வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க. கூரைய பிரிச்சு போட்டதுக்கப்பறம் போனா கோர்ட் நிறுத்தறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது, அதனால வேலை ஆரம்பிக்கற தேதி என்னன்னு அதே இமெயில்ல சேத்து கேட்டுடுங்க.